சில்பர்மான்: ஒரே ஆர்கனை ஐம்பது முறை செய்தவரா?

9 ஜனவரி 2022 (வாசகர் கேள்வி)

பைப் ஆர்கன் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கோட்ஃப்ரீட் சில்பர்மான் பெயரைச் சொல்கிறார்கள். நான் படித்த வரை ஆள் சுமார் ஐம்பது ஆர்கன் செய்திருக்கிறார். பெரும்பாலும் ஜெர்மனியின் சாக்சனி என்ற ஒரே வட்டாரம், கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. இசையமைப்பாளர் பாக் கூட அவரைக் குறை சொன்னாராம். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்கு ஏன் இத்தனை புகழ்? ஊர்ப் பெருமையைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

9 ஜனவரி, இரவு

பாதி சரி. ஐம்பது, ஒரே வட்டாரம், ஒரே மாதிரி அமைப்பு, மூன்றும் உண்மை. பாக் குறை சொன்னதும் உண்மை, ஆனால் நீங்கள் படித்த அந்தக் குறை ஆர்கனைப் பற்றியது அல்ல, பியானோவைப் பற்றியது. அதற்குத் தனியாக வருகிறேன்.

'ஊர்ப் பெருமை' என்பதை மட்டும் விட முடியவில்லை. நான் ஃபிரைபெர்க்கில் இரண்டரை வருடம் உலோகவியல் படித்தவன். போன முதல் குளிர்காலத்தில், ஆராதனைக்கு அல்ல, குளிருக்கு ஒதுங்கத்தான் பேராலயத்துக்குள் நுழைந்தேன். மேலே மாடத்தில் யாரோ சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். கால்கட்டையின் மிகக் கீழான சுரத்தை அழுத்தியபோது, அது காதில் ஒலியாகப் பிடிபடும் முன்பே உட்கார்ந்திருந்த மரப் பெஞ்சில் தெரிந்தது. அதன்மேல் உச்சக் குழாய்கள் சேர்ந்தபோது கண்ணாடி உடையாமல் உடைந்த மாதிரி ஒரு பளபளப்பு. எங்கள் ஊர் சர்ச்சில் காலால் மிதித்து வாசிக்கும் சின்ன ஆர்கனைக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது யார் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆர்கன் 1714-இல் முடிந்தது. சில்பர்மானுக்கு அப்போது 31 வயது.

10 ஜனவரி

தனிச்செய்தியில் ஒருவர், "தேடிப் பார்த்தேன், அந்த ஊரில் அப்படி ஒரு ஆர்கன் இல்லையே" என்கிறார். நீங்கள் பார்த்தது ஃபிரைபுர்க், தென்மேற்கு மூலையில் கருங்காட்டுப் பக்கம் இருப்பது. நான் சொல்வது ஃபிரைபெர்க், கிழக்கே, டிரெஸ்டனுக்கு அருகில், வெள்ளிச் சுரங்கம் இருந்த ஊர். எனக்கு வந்த கடிதம் ஒன்றே ஃபிரைபுர்க்குக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்தது ஃபிரவுன்ஸ்டைன் பக்கத்தில் கிளைன்போப்ரிட்ச் என்ற சிற்றூர். அப்பா தச்சர். அண்ணன் ஆண்ட்ரியாஸ் ஏற்கெனவே ஆர்கன் தொழிலுக்குப் போய் ஸ்ட்ராஸ்பூர்கில் பட்டறை போட்டிருந்தார். 1702-இல் தம்பி அங்கே போய்ச் சேர்ந்தார். ஸ்ட்ராஸ்பூர்க் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, அண்ணனும் பாரீஸ் போய்த் தொழில் பழகி வந்தவர். அதனால் தம்பி கற்றது ஜெர்மன் தச்சுக்கையோடு சேர்ந்த பிரெஞ்சு ஒலி. மூக்கொலி கலந்த கார்னெட், அதட்டலான ட்ரம்பெட் என்ற குழாய் வரிசைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

1710-இல் சாக்சனி திரும்பினார். முதல் ஆர்கனை ஃபிரவுன்ஸ்டைன் சர்ச்சுக்குச் செய்தார். வளர்ந்த ஊர் என்பதால் கூலி வாங்கவில்லை, பொருள் செலவு மட்டும். அதே ஆண்டிலேயே ஃபிரைபெர்க் பேராலய ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது. 27 வயதுப் பையனை நம்பி மூன்று விசைப்பலகை ஆர்கனை ஒப்படைத்த அந்த ஊர்க்காரர்களைத்தான் நான் முதலில் கும்பிடுவேன்.

10 ஜனவரி, மறுபடி

ஆர்கனையே பார்க்காதவர்களுக்கு: ஒரு குழாய் ஒரே ஒரு சுரம்தான் தரும். கட்டைக்கு ஒன்றாகக் குழாய்களை அடுக்கினால் அது ஒரு வரிசை, அதற்கு ஸ்டாப் என்று பெயர். ஸ்டாப்பை இழுத்தால் அந்த வரிசைக்குக் காற்று வழி திறக்கும். பேராலய ஆர்கனில் 44 ஸ்டாப், 2500-க்கும் மேல் குழாய்கள். மின்சாரம் வருவதற்கு முன் பின்னால் ஆள் நின்று துருத்தி மிதித்தார். வாசிப்பவர் பெயர் எழுதி வைத்திருக்கிறது, மிதித்தவர் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

12 ஜனவரி

என் பாடத்துக்கு வருகிறேன்.

ஆர்கன் குழாய் பித்தளை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அது வெள்ளீயம். முகப்பில் பளபளவென்று நிற்கும் குழாய்களில் அதுதான் அதிகம். உள்ளே இருக்கும் புல்லாங்குழல் ஒலி வரிசைகளில் காரீயம் கூடும், ஒலி மென்மையாகும். கீழ்ச்சுரங்களுக்குப் பெரிய மரக் குழாய்கள்.

குழம்பாக உருக்கிய கலவையை நீண்ட மேசை மேல் ஒரே ஓட்டத்தில் ஊற்றித் தகடாக்குவார்கள். இழைப்பார்கள், உருளையில் சுற்றுவார்கள், பற்ற வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: குழாயின் வாய் எத்தனை உயரம், காற்று நுழையும் துளை எத்தனை அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வெட்டுவது. சீவாளி சீவுகிறவர் செய்வதும் இதே வகை வேலைதான், மில்லிமீட்டருக்கும் கீழே. கூடுதலாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

சில்பர்மானுக்கு இடம் தோதாக அமைந்தது. ஃபிரைபெர்க் சுரங்கத்தில் வெள்ளியோடு காரீயமும் வந்தது. தெற்கே எர்ட்ஸ் மலையில் ஆல்டன்பெர்க் பக்கம் வெள்ளீயம் கிடைத்தது. 'சில்பர்' என்றால் ஜெர்மனில் வெள்ளி, அதனால் அவர் ஆர்கனின் ஒலியை 'வெள்ளி ஒலி' என்பார்கள். குழாயில் வெள்ளி துளியும் இல்லை. என் வகுப்பிலேயே ஒருவன் இருக்கிறது என்று அடம்பிடித்தான்.

இன்னொன்று, அந்தக் குளிரில் வெள்ளீயக் குழாய்கள் பொடிந்து போகும். 13 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளீயம் சாம்பல் நிறப் பொடியாக மாறும். குளிர்ந்த சர்ச்சுகளில் ஆர்கன்கள் இப்படித்தான் அழிந்தன.

13 ஜனவரி

நேற்றைய கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். 13 டிகிரி கணக்கு சரி, ஆனால் அது சுத்த வெள்ளீயத்துக்கு. காரீயம் கலந்தால் அந்த மாற்றம் மிகவும் தடைபடும், ஆர்கன் குழாயில் அது கலந்துதான் இருக்கிறது. 'ஆர்கன்கள் இப்படித்தான் அழிந்தன' என்று எழுதியது பாடப்புத்தகக் கதையை யோசிக்காமல் திருப்பிச் சொன்னது. காரீயக் குழாய்க்கு நிஜ எதிரி வேறு: ஓக் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி. அது காரீயத்தை அரித்து வெள்ளைப் பூச்சாக ஆக்கும்.

சில்பர்மானின் ஆர்கன்களை அழித்தவை இவை இரண்டும் அல்ல, தீயும் போரும். ஃபிரவுன்ஸ்டைன் முதல் ஆர்கன் 1728-இல் ஊரே எரிந்தபோது போயிற்று. 1738-இல் இன்னொன்று செய்து கொடுத்தார், அதுவும் 1869 தீயில் போயிற்று. சிட்டாவ் நகரில் 1741-இல் முடித்த பெரிய ஆர்கன் 16 ஆண்டுகூட நிற்கவில்லை, 1757-இல் பீரங்கித் தாக்குதலில் எரிந்தது. டிரெஸ்டனில் சோஃபியா ஆலயம், ஃபிரவுன்கிர்ஹ ஆலயம் இரண்டிலும் இருந்தவை பிப்ரவரி 1945 குண்டுவீச்சில் போயின. இத்தனைக்குப் பிறகும் 31 மிச்சம்.

14 ஜனவரி

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. சில்பர்மான் பிறந்த நாளும் இன்றுதான், 14 ஜனவரி 1683. பால் பொங்கியதும் பேராலய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். அம்மா கேட்டுவிட்டு, "சுருதி ரொம்ப மேலே இருக்கே" என்றார். சரியாகப் பிடித்தார். அந்த ஆர்கன் இன்றைய பொதுச் சுருதியை விட அரைச் சுரத்துக்கும் மேல்தான் இருக்கிறது. அன்றைக்கு ஆலயச் சுருதி ஒன்று, அரண்மனைச் சுருதி ஒன்று. பிற்காலத்தில் டிரெஸ்டன் ஆர்கன்களை அவர் அரண்மனைச் சுருதிக்கு இறக்கித்தான் செய்தார்.

16 ஜனவரி

சுருதிப் பேச்சு வந்ததால் 'ஓநாய்' பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

ச–ப சுத்தமாக வைத்து, அந்தப் ப-வை ச-வாக வைத்து அடுத்த ப என்று பன்னிரண்டு முறை போனால் புறப்பட்ட ச-வுக்கே திரும்ப வேண்டும். வராது, கொஞ்சம் மேலே போய்விடும். பாடகர் குரலை வளைத்துச் சமாளிப்பார். குழாய் வளையாது. அந்த மிச்சத்தை எங்கே ஒளித்து வைப்பது என்பது ஆர்கன் செய்கிறவர்களின் தீராத தலைவலி. இன்றைய பியானோவில் பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். சில்பர்மான் அப்படிச் செய்யவில்லை. வழக்கமாக வாசிக்கும் ராகத்தளங்கள் (எந்தச் சுரத்தை ச-வாக வைத்து வாசிப்பது என்பது) தேன் மாதிரி இருக்கட்டும் என்று பதினொன்றைச் சீராகக் கொஞ்சம் குறுக்கினார். அதில் மிஞ்சிய பிசகு முழுவதும் பன்னிரண்டாவதில் போய் விழுந்தது. அதைத் தொட்டால் ஊளை. அதற்குத்தான் ஓநாய் என்று பெயர்.

பாக் எல்லாத் தளத்திலும் எழுதியவர். சில்பர்மான் பக்கத்தில் நிற்கும்போது வேண்டுமென்றே அந்த ஓநாய் இருக்கும் தளத்தில் வாசித்தார், அவர் எழுந்து போய்விட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள்தான் அப்படி ஒரு கதையைக் கட்டியிருக்க முடியும்.

நான் முன்பெல்லாம் இதில் பாக் கட்சி. இப்போது அத்தனை நிச்சயமில்லை. அந்தப் பழைய சுருதி முறையில் ஒரு எளிய கீர்த்தனைப் பாட்டைக் கேட்டால், மூன்று சுரம் சேர்ந்து அசையாமல் நிற்கும். பியானோவில் அந்த நிலை இல்லவே இல்லை. கிராம சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர்களுக்கு அதுதானே வேண்டும்?

17 ஜனவரி

பியானோ விஷயம்.

பியானோவைக் கண்டுபிடித்தவர் ஃப்ளாரன்சில் கிறிஸ்டோஃபோரி, 1700 வாக்கில். அதன் விவரம் 1725-இல் ஜெர்மனில் அச்சானது. சில்பர்மான் முதலில் இரண்டு செய்தார். பாக்கின் மாணவர் அக்ரிகோலா எழுதிவைத்தபடி, பாக் ஒன்றை வாசித்துப் பார்த்து, நாதம் அருமை, ஆனால் மேல் சுரங்கள் பலவீனம், கட்டை ரொம்பக் கனம் என்று சொன்னார். சில்பர்மானுக்குப் பொறுக்கவில்லை. நெடுநாள் கோபம். ஆனால் இந்தக் கருவிகளை மேற்கொண்டு விற்காமல் நிறுத்தி வைத்து, பாக் சொன்ன அந்த இரண்டு குறையையே வருடக் கணக்கில் சரிசெய்தார். மறுபடி பாக்கிடம் காட்டியபோது முழுத் திருப்தி.

பிறகு பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் பலவற்றை வாங்கினார். 1747 மே மாதம் பாக் போட்ஸ்டாம் போனபோது மன்னர் அவரை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னது சில்பர்மான் பியானோக்களில்தான். 1749-இல் பாக்கே ஒரு பியானோவை விற்றுக் கொடுத்த ரசீது இருக்கிறது, அந்தப் பியானோ சில்பர்மானுடையது என்றே கருதுகிறார்கள்.

ஆக, கேள்வி கேட்ட நண்பருக்கு: பாக் குறை சொன்னார், சில்பர்மான் கோபித்துக்கொண்டார், திருத்தினார், பாக் ஏற்றுக்கொண்டார். பாதியில் நிறுத்திச் சொல்வது நியாயமில்லை.

20 ஜனவரி

ஒரு நண்பர் நல்ல குறுக்குக் கேள்வி போட்டார். "அவ்வளவு நல்லவர் என்றால் ஹில்டபிராண்டை ஏன் நசுக்கினார்?"

இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். ஸக்காரியாஸ் ஹில்டபிராண்ட் 1713-இல் அவரிடம் சேர்ந்தவர். சாக்சனியில் தனியாகத் தொழில் செய்து குருவுக்குப் போட்டியாக வர மாட்டேன் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்தார். 1722-இல் லாங்ஹென்னர்ஸ்டோர்ஃபில் தன் தேர்ச்சி ஆர்கனை முடித்தார், தனியாக வேலை எடுக்கத் தொடங்கினார், சண்டை வந்தது. அடுத்த ஆண்டு அவர் ஸ்டோர்ம்தால் கிராமத்தில் முடித்த ஆர்கனைத் திறந்து வைத்தவர் பாக். அதே 1723-இல்தான் சில்பர்மானுக்கு அரசவை ஆர்கன் கலைஞர் என்ற பட்டமும் கிடைத்தது. ஒரு பக்கம் பட்டயமும் ஒப்பந்தமும், மறு பக்கம் திறமை மட்டும். குரு விட்டுக் கொடுக்கவில்லை. அவர் வேண்டாம் என்று விட்ட வேலைகளைத்தான் சீடர் எடுக்கலாம் என்கிற நிலைக்கு வந்து முடிந்தது.

எனக்கு இது உறுத்துகிறது. நானும் வேலைக்குச் சேரும்போது இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். இருபத்தைந்து வயதில் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோம். அதன் கனம் முப்பத்தைந்தில்தான் தெரியும்.

21 ஜனவரி

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 1746 செப்டம்பரில் நாவும்பூர்க் நகர ஆலயத்தில் ஹில்டபிராண்ட் தன் மிகப்பெரிய ஆர்கனை முடித்தார், 53 ஸ்டாப். அதைச் சோதித்துச் சான்று தர நகரசபை அழைத்த இருவர் பாக், சில்பர்மான். சண்டை போட்ட குரு மாடத்தில் ஏறி, சீடரின் குழாய்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேறிவிட்டது என்று கையெழுத்துப் போடுகிறார். அந்த ஆர்கன் சில்பர்மான் தன் வாழ்நாளில் முடித்த எதையும் விடப் பெரியது.

முடிவும் அப்படித்தான். டிரெஸ்டன் அரசவை ஆலயத்துக்கு 47 ஸ்டாப் ஆர்கன், அவர் எடுத்த வேலைகளிலேயே பெரியது. வேலை நடக்கும்போதே 4 ஆகஸ்ட் 1753-இல் டிரெஸ்டனில் இறந்துபோனார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. முடித்து வைத்தவர்களில் முக்கியமானவர் ஹில்டபிராண்ட்தான், ஸ்ட்ராஸ்பூர்க் அண்ணன் மகன் யோஹான் டானியலும் கூட இருந்தார். 1755-இல் ஆர்கன் திறந்தது. 1944-இல் குழாய்களைக் கழற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததால் டிரெஸ்டனின் மூன்று பெரிய சில்பர்மான்களில் அது ஒன்று மட்டும் தப்பியது.

22 ஜனவரி

ஸ்ட்ராஸ்பூர்க் புனித தோமா ஆலயத்தில் மோட்சார்ட் வாசித்த ஆர்கன் இவருடையதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது அதே அண்ணனின் இன்னொரு மகன் யோஹான் ஆண்ட்ரியாஸ் செய்தது, 1741. குடும்பமே இந்தத் தொழில்.

25 ஜனவரி

ஃபிரவுன்கிர்ஹ பற்றி ஒரு வரியில் தாண்டிவிட்டேன், விட மனமில்லை. 1736 நவம்பரில் அந்த ஆர்கன் திறந்தது. 1 டிசம்பர் மதியம் பாக் அதில் இரண்டு மணி நேரம் வாசித்தார். அரசவை இசையமைப்பாளர் பட்டம் கையில் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 1945-இல் கோபுரம் விழுந்தபோது ஆர்கனும் போயிற்று. ஆலயத்தைக் கல் கல்லாகத் திரும்பக் கட்டினார்கள், ஆனால் ஆர்கனை அப்படியே திரும்பச் செய்வதா வேண்டாமா என்று பெரிய சண்டை. கடைசியில் செய்யவில்லை. 2005-இல் டானியல் கெர்ன் நிறுவனத்தார் நான்கு விசைப்பலகையோடு புதிய ஆர்கன் ஒன்றை வைத்தார்கள், சில்பர்மான் அமைப்பை உள்ளே வைத்துக்கொண்டு பிற்கால இசைக்கும் இடம் கொடுத்து. கெர்ன் எந்த ஊர் தெரியுமா? ஸ்ட்ராஸ்பூர்க்.

நான் பழையபடியே செய்திருக்க வேண்டும் என்ற கட்சி. கேட்டுவிட்டு வந்த பிறகும் அதே கட்சிதான்.

2 பிப்ரவரி

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன், ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆர்கனைப் பற்றிய குறையும் ஒன்று உண்டு. நான் முதல் நாள் எழுதியது அவசரம். அதே அக்ரிகோலாதான் எழுதியிருக்கிறார்: வேலைப்பாட்டிலும் உறுதியிலும் குறையே இல்லை, ஆனால் ஸ்டாப் அமைப்பு எல்லாம் ஒரே மாதிரி, நிச்சயமாகத் தெரியாத எதையும் செய்து பார்க்கத் துணியாதவர், சுருதியில் பிடிவாதம், மிக்ஸ்சர் வரிசைகள் (ஒரு கட்டைக்குப் பல உச்சக் குழாய்கள் சேர்ந்து ஒலிப்பவை) வலுக் குறைவு. நண்பர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். பதில் சொல்ல ஒரே வழிதான் தெரிகிறது, கேட்டதைச் சொல்வது.

ஃபிரைபெர்க்குக்குத் தெற்கே குரோஸ்ஹார்ட்மான்ஸ்டோர்ஃப் என்று ஒரு நீண்ட கிராமம். அங்கே 1741-இல் அவர் செய்த ஆர்கன் இருக்கிறது. இரண்டு விசைப்பலகை, இருபது சொச்சம் ஸ்டாப். கடைசி ஆண்டு ஒரு வியாழன் பேராலயக் கச்சேரி கேட்டேன், ஞாயிறு அந்தக் கிராமத்துக்குப் பேருந்தில் போனேன். பாட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். முகப்புக் குழாயைப் பார்த்ததும் படித்த படிப்பின் பழக்கத்தில் உலோகத்தைத்தான் முதலில் பார்த்தேன். மட்டமான தகடு இல்லை. பின்னால் மறைந்திருக்கும் மரவேலையை ஆர்கன் வாசிக்கும் அம்மா கதவு திறந்து காட்டினார். யாரும் பார்க்காத மூட்டுகளும் பேராலயத்தில் இருந்த அதே சுத்தம். ஆராதனை தொடங்கி முதல் சுரம் வந்தபோது அதே கீழ்ச்சுரக் கனம், அதே பளபளப்பு, அளவில் மட்டும் சிறிசு.

ஒரே ஆர்கனை ஐம்பது முறை செய்தார் என்றால், பேராலயத்துக்குச் செய்ததையே உருளைக்கிழங்கு விதைக்கிற ஊருக்கும் செய்தார் என்றுதான் நான் படிக்கிறேன். வேறு யாராவது என்றால் கிராமத்துக்கு ஒரு மாற்றுக் குறைந்த சரக்கு அனுப்பியிருப்பார்கள்.

3 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் ஜூலையில் ஜெர்மனி போகிறாராம், எங்கே தொடங்குவது என்கிறார். ஃபிரைபெர்க்கில் தங்குங்கள். அந்த ஒரு ஊரிலேயே நான்கு சில்பர்மான்கள். பேராலயத்திலேயே இரண்டு, பெரியதும், வேறு ஆலயத்திலிருந்து கொண்டுவந்த சின்னதும். யாகோபி, பேட்ரி ஆலயங்களில் ஒவ்வொன்று. கோட்டைச் சதுக்கத்தில் அவர் குடியிருந்து பட்டறை நடத்திய வீடு இருக்கிறது. ஃபிரவுன்ஸ்டைனில் அருங்காட்சியகம், அங்கே வாசித்துக் காட்டும் நகல் ஆர்கன் ஒன்றும் உண்டு. கிராமங்களுக்கு ஞாயிறு காலையில் போங்கள், மற்ற நாளில் பூட்டியிருக்கும். பேருந்து ஞாயிற்றுக்கிழமை அபூர்வம், திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஜூலையிலும் சர்ச்சுக்குள் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.